வைரச் சுரங்கக் கம்பெனிப் பங்கு வாங்கலாமா? கல்லைக் கழித்து ஒரு கணக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் விட்டுப்போன சில கணக்குகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



லிஃப்ட் பராமரிப்பு, போர் மோட்டார், குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கென்று இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். வங்கியில் 37 வருஷம் கிளார்க்காக இருந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பி.காம். படித்தேன், கவுன்ட்டரில் உட்கார்ந்தேன், 2019ல் ஓய்வு பெற்றேன். செபியிடம் பதிவு செய்த ஆலோசகர் இல்லை. அதனால் இந்தப் பங்கை வாங்குங்கள், அதை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் ஒரு சின்ன வைரச் சுரங்கக் கம்பெனி. பூமிக்குள் இத்தனை லட்சம் காரட் இருக்கிறது. பங்கு விலை இன்றைக்கு ஒரு டீ வடை விலைதான். சுரங்கம் திறந்தால் எங்கேயோ போய்விடும் என்று ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு பேசினார். அதைப் பார்த்துவிட்டு நம் குடியிருப்பில் ஒரு அம்மா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். வீட்டுக்காரருடைய கிராஜுவிட்டிப் பணம் பத்து லட்சம் டெபாசிட்டில் இருக்கிறது, அடுத்த மாதம் முதிர்வு. "ஏனுங்ண்ணா, பாதியக் கொண்டுபோய் இதுல போட்டா என்னங்ண்ணா? பையனும் சொல்றானுங்க" என்றார். படிக்கட்டில் நின்றபடி பதில் சொல்லுகிற கேள்வியா அது? கூட்டத்தில் பேசுகிறேன், பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இங்கே நிற்கிறேன்.

முதலில் நான் நன்றாக அறிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். நகைக்கடன் கவுன்ட்டர்.

நகைக்கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும். நகையைத் தட்டில் வைத்ததும் மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்ப்பார், எடை போடுவார். பிறகு கல் எடையைக் கழிப்பார். சிவப்புக் கல்லோ, வெள்ளைக் கல்லோ, கல்யாணத்துக்கு வாங்கிய அசல் வைரமோ, எல்லாவற்றுக்கும் ஒரே நியாயம்தான். கல்லைக் கழித்து மிச்சம் இருக்கும் தங்கத்துக்குத்தான் கடன். "சார், தங்கத்தைவிட அந்தக் கல்லுத்தானுங்க விலை ஜாஸ்தி" என்று எத்தனையோ பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் தங்கத்துக்குக் காலையில் பேப்பரில் ஒரு ரேட் வருகிறது. வைரத்துக்கு அப்படி ஒரே ரேட் கிடையாது. எடை, நிறம், தெளிவு, வெட்டு என்று ஒவ்வொரு கல்லும் தனி விலை. அதைச் சொல்ல அதற்கென்று பழகிய கண் வேண்டும். அந்தக் கண் வங்கியில் இல்லை, உங்களிடமும் என்னிடமும் இல்லை.

தங்கச் சுரங்கக் கம்பெனியில் பணம் போட்டவர், எடுக்கிற சரக்கின் விலையை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். வைரக் கம்பெனியில் போட்டவரால் அது முடியாது. பட்டை தீட்டாத கல்லை மூட்டை மூட்டையாகத் தரம் பிரித்து, டெண்டரிலோ ஏலத்திலோ விற்கிறார்கள். என்ன விலைக்குப் போனது என்பது விற்ற பிறகுதான் பங்குதாரருக்குத் தெரியும். இதை மனதில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இரண்டாவது, வைரத்தை எப்படித் தேடுகிறார்கள் என்பது. இதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். கொமரலிங்கத்தில் அமராவதி ஓடுகிறது, வாய்க்கால் பாசனம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிக் குடிமங்கலம், தாராபுரம் பக்கம் போனால் ஆயிரம் அடி போர் போட்டவர்களைப் பார்க்கலாம். முதலில் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நீரோட்டம் பார்ப்பார். பிறகு வண்டி வரும். அடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். 600 அடியில் ஈரம் தெரியும், எல்லார் முகத்திலும் சிரிப்பு வரும். 900 அடியில் மறுபடி புகை பறக்கும். கடைசியில் ஒரு இன்ச் தண்ணி வந்தாலும், கோடையில் நிற்குமா என்பது அடுத்த வைகாசியில்தான் தெரியும்.

வைரம் தேடுவதும் இதே வரிசைதான், செலவு மட்டும் பல கோடி. வைரம் பெரும்பாலும் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறைக் குழாய்களில் இருக்கும். ஆற்று மணலிலும் மண்ணிலும் கூட வருகிற கார்னெட் போன்ற துணைக் கனிமங்களைத் தேடி அந்தக் குழாய் எங்கே என்று ஊகிக்கிறார்கள். விமானத்தில் பறந்து காந்த அளவீடு எடுக்கிறார்கள். பிறகு துளை. துளையில் கிம்பர்லைட் கிடைத்தாலும் அதில் வைரம் இருக்க வேண்டும் என்று இல்லை. வைரம் இருந்தாலும் தோண்டுகிற கூலிக்குக் கட்ட வேண்டும். கண்டுபிடித்த கிம்பர்லைட்டுகளில் லாபமாகத் தோண்டக் கூடியவை நூற்றில் ஒன்று என்ற அளவுக்குத்தான் தேறியிருக்கின்றன.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பன்னா அருகே மஜ்கவான் சுரங்கம், அரசு நிறுவனமான என்எம்டிசி நடத்துவது. அங்கே நூறு டன் பாறையை உடைத்துக் கழுவினால் சுமார் பத்துக் காரட் கிடைக்கும். ஒரு காரட் 0.2 கிராம். அதாவது நூறு டன்னுக்கு இரண்டு கிராம். பத்து லாரிப் பாறையை அரைத்து, நம் வீட்டு உப்பு ஸ்பூனில் பாதிகூட நிரம்பாத கல் எடுக்கிறார்கள். வைரத்தில் இது நல்ல சுரங்கம்தான்.

சரி, காரட் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். வீடியோவில் அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த எண்ணிக்கைதான். ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்தில் டன்னுக்கு டன் ஏராளமாகக் காரட் வந்தது. பெரும்பகுதி சின்ன, பழுப்பு நிறக் கற்கள். காரட்டுக்கு விலை குறைவு. ஆப்பிரிக்காவில் லெசோதோ நாட்டின் லெட்செங் சுரங்கத்தில் நூறு டன்னுக்கு இரண்டு காரட்கூடத் தேறாது; ஆனால் பெரிய வெள்ளைக் கற்கள் வருவதால் காரட்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் போயிருக்கிறது. எத்தனை காரட் என்று சொல்லிவிட்டு, காரட் என்ன விலை என்று சொல்லாதவர், பனியன் எத்தனை டஜன் என்று சொல்லிவிட்டு டஜன் விலையைச் சொல்லாத வியாபாரி மாதிரி. திருப்பூரில் அவரிடம் யாராவது ஆர்டர் எடுப்பார்களா?

"பூமிக்குள் இருக்கிறது" என்பதிலும் பல படிகள் உண்டு. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சுரங்கக் கம்பெனி தன் அறிக்கையில் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். சில துளைகளை வைத்து ஊகித்தது ஒரு வகை. இன்னும் நெருக்கமாகத் துளையிட்டு ஓரளவு உறுதி செய்தது ஒரு வகை. நன்றாக அளந்தது ஒரு வகை. இவை மூன்றுக்கும் பெயர் ரிசோர்ஸ். இதில் இன்றைய விலையில், இன்றைய செலவில், லாபமாகத் தோண்டலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பகுதிக்குத்தான் ரிசர்வ் என்று பெயர். ஊகித்த ரிசோர்ஸை ரிசர்வ் என்று நினைப்பது, நீரோட்டம் பார்த்தவர் சொன்னதை நம்பித் தென்னங்கன்று வாங்கி வைப்பது போல.

மூன்றாவது விஷயம் அனுமதி. என் அனுபவத்தில் பணம் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மத்தியப் பிரதேசத்தில் சத்தர்பூர் மாவட்டம், பக்ஸ்வாகா பகுதி. உலகத்தின் மிகப் பெரிய சுரங்க நிறுவனங்களில் ஒன்றான ரியோ டின்டோ அங்கே 2004ல் வைரம் இருப்பதைக் கண்டுபிடித்தது. பந்தர் திட்டம் என்று பெயர். மதிப்பீடு 3 கோடியே 40 லட்சம் காரட். பணத்துக்குப் பஞ்சம் இல்லை, நிபுணர்களுக்குப் பஞ்சம் இல்லை, வைரமும் இருந்தது. ஆனால் அது காடு. புலிகள் நடமாடும் நிலப்பரப்பு. வருஷக்கணக்கில் காத்திருந்து, 2016ல் விலகுவதாக அறிவித்து, 2017ல் திட்டத்தை மாநில அரசிடமே ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டது ரியோ டின்டோ. 2019ல் நடந்த ஏலத்தில் ஆதித்ய பிர்லா குழுமத்தின் எஸ்ஸல் மைனிங் எடுத்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டும் என்றதும் மக்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2021 அக்டோபரில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காடு முக்கியமா, கல் முக்கியமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. மரத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். பங்குதாரர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வைரம் இருப்பது உறுதியான பிறகும் இத்தனை வருஷம் போயிருக்கிறது.

ஓடிக்கொண்டிருந்த சுரங்கம்கூட நிற்கும். நான் சொன்ன மஜ்கவான், அரசுக்குச் சொந்தமானது. வனவிலங்குப் பகுதிக்கான அனுமதி முடிந்து 2021 தொடக்கத்தில் நின்று, 2024ல்தான் மறுபடி ஓடியது. அரசு நிறுவனம் மூன்று வருஷம் தாங்கும். மூன்று மாதச் சம்பளத்துக்கு மட்டும் பணம் வைத்திருக்கும் சின்னக் கம்பெனி தாங்குமா?

நமக்கு இது தெரியாத கதையா? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரேயடியாக மூடப்பட்டன. நொய்யல் கெட்டதற்கு வந்த தீர்ப்பு அது. அன்றைக்குப் பட்டறைக்காரரிடம் இயந்திரம் இருந்தது, ஆள் இருந்தது, கையில் ஆர்டர் இருந்தது. ஓட்ட அனுமதி மட்டும் இல்லை. வங்கியில் தவணை கட்ட வந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நடுவில் சட்டமே மாறுவதும் உண்டு. முன்பெல்லாம் நம் நாட்டில் முதலில் விண்ணப்பித்து, ஆய்வு செய்து, கனிமத்தைக் கண்டுபிடித்தவருக்கே சுரங்கக் குத்தகையில் முன்னுரிமை. 2015ல் சட்டத்தைத் திருத்தி, இனி ஏலம்தான் என்றார்கள். ஏற்கனவே ஆய்வு செய்துகொண்டிருந்தவர்களுக்கு மட்டும் பழைய உரிமை நீடித்தது. 2021ல் மறுபடி திருத்தி, அப்படி நிலுவையில் இருந்தவற்றையும் முடித்துவிட்டார்கள். செய்த செலவைத் திருப்பித் தருவோம் என்றார்கள். 2023ல் இன்னொரு திருத்தம். வைரம் உட்பட 29 கனிமங்களுக்கு ஆய்வு உரிமம் என்று புதிதாக ஒன்று வந்தது, அதுவும் ஏலத்தில். பொதுச் சொத்தை ஏலத்தில் விடுவது அரசுக்கு நியாயமாக இருக்கலாம். ஆனால் எட்டு வருஷத்தில் மூன்று முறை விதி மாறினால், பழைய விதியை நம்பிப் பணம் போட்டவர் கதி என்ன?

அந்த ஒருவர் நான்தான். இதைச் சொல்லத்தான் ஒரு வாரமாக மனதைத் தயார் செய்துகொண்டேன்.

2007 கடைசி. சந்தை ஏறிக்கொண்டே இருந்த காலம். தங்கமும் வைரமும் தேடுகிற ஒரு சின்ன ஆய்வுக் கம்பெனி, பெயர் வேண்டாம். பி.எஃப். கடன் எடுத்து 36 ரூபாய்க்கு 5,000 பங்கு வாங்கினேன். 1,80,000 ரூபாய். மகள் அப்போது பிளஸ் டூ. இன்ஜினியரிங் சேரும்போது இரட்டிப்பாக இருக்கும் என்று கணக்கு. வீட்டில் சொல்லவில்லை. லாபம் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

2008 அக்டோபரில் விலை 7 ரூபாய். பயந்து விற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. படித்தவன் அல்லவா, "இறங்கினால் இன்னும் வாங்கு" என்று எங்கேயோ படித்ததை வைத்து 9 ரூபாய்க்கு இன்னும் 3,000 வாங்கினேன். அந்தக் கம்பெனி என்னை ஏமாற்றவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். வருஷா வருஷம் ஆண்டறிக்கை ஒழுங்காகத் தபாலில் வந்தது. துளையிட்டார்கள், மாதிரி எடுத்தார்கள், குத்தகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று எழுதினார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே வரி. ஆறு வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அவர்கள் கையில் இருந்தது உரிமம் இல்லை, விண்ணப்பம். சட்டம் மாறியதும் அந்த விண்ணப்பங்கள் வெறும் காகிதம். 2021ல் 8,000 பங்கையும் 4 ரூபாய்க்கு விற்றேன். போட்டது 2,07,000. வந்தது 32,000. முதலில் போட்ட 1,80,000ஐ எட்டு சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் அந்த 13 வருஷத்தில் ஐந்து லட்சத்தை ஒட்டி வந்திருக்கும். டெபாசிட் ரசீது எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2009ல் மகளின் இரண்டாம் வருஷ ஃபீஸுக்குப் பணம் இல்லை. அப்போதுதான் வீட்டில் சொன்னேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் அம்மா போட்ட வைரத்தோட்டையும் ஒரு செயினையும் எடுத்து வைத்தாள். தெரிந்த முகங்கள் இல்லாத வேறு கிளைக்குப் போனோம். மதிப்பீட்டாளர் தோட்டைக் கையில் எடுத்து, கல் எடையைக் கழித்து, ஒரு சின்ன எண்ணை எழுதினார். எத்தனை பேருக்கு நான் விளக்கிச் சொன்ன விதி. அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் அதை விளக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கம்பெனியில் நான் கவனிக்காத இன்னொன்று, பங்கு எண்ணிக்கை. இதை நம் ஊர்க் கிணற்றுப் பங்கை வைத்துச் சொன்னால் எளிது. ஒரு கூட்டுக் கிணறு, எட்டுப் பங்காளி. எட்டு நாளைக்கு ஒரு நாள் உங்கள் முறைத் தண்ணீர். கிணற்றை ஆழப்படுத்தப் பணம் இல்லை. புதிதாக எட்டுப் பேரைச் சேர்த்துப் பணம் வாங்குகிறார்கள். முறை 16 நாளைக்கு ஒன்று. இன்னும் ஆழம், இன்னும் 16 பேர். 32 நாளைக்கு ஒன்று. மறுபடி 32 பேர். 64 நாளைக்கு ஒன்று. கடைசியில் தண்ணீர் வந்துவிடுகிறது. எல்லாரும் கை தட்டுகிறார்கள். உங்கள் தென்னைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர்.

வைரம் எடுக்காத வைரக் கம்பெனிக்கு வருமானம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் புதுப் பங்கு வெளியிட்டுத்தான் பணம் திரட்டும். கணக்கு இப்படி. ஒரு கம்பெனியில் ஒரு கோடிப் பங்கு, உங்களிடம் 10,000. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்பெனி ஒரு நாள் 800 கோடி மதிப்புக்கு வந்தால் உங்களுக்கு 80 லட்சம் என்று வீடியோ சொல்லும். நடுவில் மூன்று முறை பங்கு எண்ணிக்கை இரட்டிப்பாகி எட்டுக் கோடி ஆகியிருந்தால், அதே 800 கோடியில் உங்களுக்கு 10 லட்சம். அதுவும் எல்லாம் நல்லபடியாக நடந்தால்.

நல்லபடியாகவே நடந்த கதை ஒன்றும் உண்டு, கனடாவில். சார்லஸ் ஃபிப்கி என்ற நிலவியலாளர் கிட்டத்தட்டப் பத்து வருஷம் கார்னெட் தடத்தைப் பின்தொடர்ந்து போய், 1991ல் வடக்குக் கோடியில் வைரக் குழாயைக் கண்டுபிடித்தார். அவருடைய டியா மெட் என்ற சின்னக் கம்பெனி பெரிய நிறுவனமான பிஎச்பியோடு சேர்ந்தது. 1998ல் எகாட்டி சுரங்கம் திறந்தது. 2001ல் டியா மெட்டையே பிஎச்பி வாங்கிக்கொண்டது. ஆரம்பத்தில் பங்கு வாங்கியவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். வீடியோக்காரர்கள் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அதே கனடாவில் அவர்கள் சொல்லாத கதையும் இருக்கிறது. கியூபெக் மாநிலத்தில் ரெனார்ட் சுரங்கம். 2001ல் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்டோர்னோவே என்ற கம்பெனி அனுமதி எல்லாம் வாங்கி, கடன் வாங்கி, சாலை போட்டு, 2017ல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 16 வருஷம். வைரமும் வந்தது. ஆனால் எதிர்பார்த்த விலை காரட்டுக்குக் கிடைக்கவில்லை. 2019 செப்டம்பரில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கடன் கொடுத்தவர்கள் சுரங்கத்தை எடுத்துக்கொண்டார்கள். பங்குதாரர்களுக்கு ஒன்றுமே இல்லை. கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவனுக்கு இது தெரிந்த வரிசைதான்: கம்பெனி முடிந்தால் முதலில் கடன் கொடுத்தவர், கடைசியில் பங்குதாரர், கடைசி ஆளுக்குப் பெரும்பாலும் பாத்திரத்தில் மிச்சம் இருக்காது. 2023ல் அந்தச் சுரங்கம் மறுபடியும் நின்றது.

கையில் கல் இருந்தாலும் விற்பது நம் இஷ்டம் இல்லை. லுகாரா என்ற கம்பெனி 2015ல் போட்ஸ்வானாவில் 1,109 காரட் வைரம் எடுத்தது. டென்னிஸ் பந்து அளவு. 2016ல் லண்டனில் ஏலம் விட்டார்கள், எதிர்பார்த்த விலை வராமல் விற்காமல் போனது. அடுத்த வருஷம் 5 கோடியே 30 லட்சம் டாலருக்குத்தான் விற்க முடிந்தது.

இப்போது ஆய்வக வைரம் வேறு வந்துவிட்டது. சூரத்தில் ஆலையில் வளர்க்கிறார்கள். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வேதியியலில் அதுவும் வைரம்தான். விலை சுரங்க வைரத்தில் ஒரு சிறு பங்கு. 2023 மத்திய பட்ஜெட்டில் இதற்கென்று ஆராய்ச்சி நிதி அறிவித்தார்கள். அது நம் சென்னை ஐஐடிக்குத்தான் வந்தது. நகைக்கடையில் வாங்குகிற நமக்கு இது நல்ல செய்தி, சுரங்கம் தோண்டுகிறவருக்கு இடி. உலகின் பெரிய வைர நிறுவனமான டி பியர்ஸின் மதிப்பை, அதன் தாய்க் கம்பெனி ஆங்கிலோ அமெரிக்கன் 2025 பிப்ரவரியில் தன் கணக்குப் புத்தகத்தில் 290 கோடி டாலர் குறைத்து எழுதியது. யானைக்கே இந்த நிலை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்க ஓரளவு தெரியும். 2009ல் திருப்பூர் பாசி நிதி நிறுவனம், 2012ல் பெருந்துறை ஈமு கோழி என்று பாடம் படித்துவிட்டோம். மாதா மாதம் இவ்வளவு உறுதி என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ஆனால் சுரங்கக் கம்பெனி மாத வருமானம் எதுவும் உறுதி சொல்வதில்லை. பங்குச் சந்தையில் இருக்கிறது, தணிக்கை இருக்கிறது, அறிக்கை இருக்கிறது. அதனால் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம். யாரும் ஏமாற்றாமலேயே பணம் முழுக்கப் போகும் என்பதை நாம் இன்னும் படிக்கவில்லை.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், ஆண்டறிக்கையில் ஐந்து விஷயம் தேடுங்கள்.

ஒன்று, கையில் இருப்பது சுரங்க உரிமமா, ஆய்வு அனுமதியா, வெறும் விண்ணப்பமா?

இரண்டு, ரொக்கம் எவ்வளவு, மூன்று மாதத்துக்குச் செலவு எவ்வளவு? ஒன்றை ஒன்றால் வகுத்தால் எத்தனை காலாண்டு தாங்கும் என்று தெரியும். அது தீருவதற்குள் புதுப் பங்கு வரும்.

மூன்று, ஐந்து வருஷத்துக்கு முன் பங்கு எண்ணிக்கை எத்தனை, இன்றைக்கு எத்தனை?

நான்கு, கடன் எவ்வளவு, சுரங்கத்தை அடமானம் வைத்திருக்கிறார்களா?

ஐந்து, காரட்டுக்கு என்ன விலை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அது எந்த வருஷத்து விலை?

இவற்றோடு, ஒரு நாளைக்கு எத்தனை பங்கு கைமாறுகிறது என்றும் பாருங்கள். சின்னப் பங்கில் வாங்குவது சுலபம். விலை விழும் நாளில் வாங்க ஆளே இருக்காது. வெளிநாட்டுப் பங்கு என்றால் இன்னும் இரண்டு வேலை. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீட்டுக்காக 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் வங்கி 20 சதவீத வரியை முன்கூட்டிப் பிடிக்கும், பிறகு கணக்குக் காட்டி ஈடு செய்யலாம். அடுத்தது, வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். பென்ஷன்காரர்கள் வழக்கமாகப் போடும் எளிய முதல் படிவம் அப்போது செல்லாது.

எவ்வளவு போடலாம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த அளவுகோல் இது. கோயில் தேர்த் திருவிழாவுக்கு நோட்டில் எழுதுகிறோமே, அந்தத் தொகை. கொடுத்த பிறகு திரும்பக் கேட்க மாட்டோம், அதனால் அந்த மாதம் அரிசி வாங்குவதும் நிற்காது. கிராஜுவிட்டி அந்த நோட்டில் எழுதுகிற பணம் இல்லை. அது, வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வேலை செய்தபோதே வாங்கி வைத்த சம்பளம்.

என்னைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்ட அம்மாவுக்கு: உங்கள் பணம், உங்கள் முடிவு. டெபாசிட் முதிர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஞாயிறு மாலை நாலு மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். பையனையும் கூட்டிக்கொண்டு, அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து வாருங்கள். ஐந்து கேள்வியையும் பையனே தேடட்டும். எனக்குக் கண் முன்போல் இல்லை, சின்ன எழுத்தை அவன்தான் படிக்க வேண்டும்.

மற்றவர்களும் வரலாம். ஒன்றை மட்டும் அதற்கு முன் செய்துவிட்டு வாருங்கள். எவ்வளவு போடப் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். தொகையைச் சொல்ல வாய் வரவில்லை என்றால், அது உங்களுக்குப் பெரிய தொகை. 2007ல் எனக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்லாமல் விட்டேன்.

டீ ஆறுகிறது.